காப்புரிமை மீறலுக்கு வழக்குப் போடும் முன்: நோட்டீஸ் முதல் தீர்ப்பாணை வரை முழுமையான வழிகாட்டி

உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைக் கடையும்போது அது நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு கருவியை உருவாக்கி, 1951 டிசம்பர் முதல் செல்லும்படி அதற்குக் காப்புரிமை (பேட்டண்ட்) வாங்கியது. கொஞ்ச நாளில் இன்னொரு பாத்திரக் கம்பெனி அதே முறையில் வேலை செய்வது தெரியவந்தது. நோட்டீஸ் போனது, வழக்கு போனது, அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுகள் ஓடின. நடுவில் ஒரு கட்டத்தில் காப்புரிமையாளர் பக்கமே தீர்ப்பும் வந்தது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவைச் சொன்னது. இந்தக் கருவி ஏற்கெனவே பட்டறைகளில் இருந்த ஏற்பாட்டில் செய்த சிறு திருத்தம், புதுமையும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை, ஆகவே காப்புரிமையே செல்லாது. பிஷ்வநாத் பிரசாத் வழக்கு என்று இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

காப்புரிமைச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் எந்தத் தொழிலதிபரிடமும் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் கதையை. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 13(4) வெளிப்படையாகவே சொல்கிறது: காப்புரிமை அலுவலகம் சோதித்துப் பார்த்துக் கொடுத்துவிட்டது என்பதால் அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை. பிரிவு 107 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரிவு 64இன் கீழ் காப்புரிமையை ரத்துசெய்ய என்னென்ன காரணங்கள் உண்டோ, அத்தனையையும் மீறல் வழக்கில் பிரதிவாதி தன் தற்காப்பாகச் சொல்லலாம். ஆக, நீங்கள் வழக்குப் போட்டதும் முதலில் விசாரணைக்கு வருவது உங்கள் காப்புரிமைதான். எதிராளி காப்பியடித்தாரா என்பது அப்புறம் வரும் கேள்வி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பது புரியும்.

இது இந்தியச் சட்டத்தை வைத்து எழுதியது. தங்கள் பொருளைச் சொந்தமாக வடிவமைக்கும் சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்களை நினைத்து எழுதியது.

படி 1: எதிராளிக்கு முன் உங்கள் காப்புரிமையை நீங்களே உடைத்துப் பாருங்கள்

முதலில் எளிய விஷயங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனால் காப்புரிமை காலாவதியாகிவிடும். காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மனுப்போட்டு மீட்கலாம், ஆனால் மீட்பு மனு வெளியிடப்படும்வரை நடுவில் நடந்த மீறலுக்கு வழக்குப் போட முடியாது. கட்டணம் கட்டாமல் இருந்த காலத்து மீறலுக்கு நஷ்ட ஈட்டை மறுக்கவும் பிரிவு 111 நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

அடுத்து, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது? விண்ணப்பம் அப்பா பெயரில், தொழில் இப்போது மகனின் பிரைவேட் லிமிடெட் பெயரில் என்பது நம் ஊர் தொழில் குடும்பங்களில் சர்வசாதாரணம். காப்புரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், காப்புரிமைப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வழக்குப் போட உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியிலேயே ஓரிரு வருடம் போய்விடும். தனி உரிமம் பெற்றவர், அதாவது வேறு யாருக்கும் தராமல் தனக்கு மட்டும் உரிமம் வாங்கியவர், பிரிவு 109இன்படி தானே வழக்குப் போடலாம். சாதாரண உரிமம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தப் பொருளை எங்காவது காட்டினீர்களா? கோவை கொடிசியாவில் கண்காட்சி வைத்தீர்களா? வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு யூனிட் விற்றுப் பில் போட்டீர்களா? யூடியூபில் டெமோ வீடியோ ஏற்றினீர்களா? அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகள் பிரிவு 29 முதல் 33 வரை உண்டு. சாதாரண வணிகக் கண்காட்சியில் ஸ்டால் போட்டது அதில் அடங்கும் என்று நம்பி இருக்காதீர்கள். உங்கள் பழைய பில், உங்கள் பழைய கேட்டலாக், இவைதான் பிரதிவாதியின் முதல் ஆவணங்களாக வரும்.

விண்ணப்ப காலத்தில் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிய பதில்களையும் எடுத்துப் படியுங்கள். ‘எங்களுடையதில் ஸ்பிரிங் கிடையாது, அதனால் முந்தையதிலிருந்து வேறுபடுகிறது’ என்று அன்று எழுதிக் காப்புரிமை வாங்கியிருந்தால், இன்று ஸ்பிரிங் வைத்து விற்பவரை மீறல் என்று பிடிக்க முடியாது. வெளிநாட்டிலும் விண்ணப்பித்திருந்தால் பிரிவு 8இன்படி அந்தத் தகவல்களைத் தந்தீர்களா என்பதும் ரத்துக் காரணங்களில் ஒன்று. காப்புரிமையைப் பயன்படுத்தி வருவதைச் சொல்லும் படிவம் 27ஐயும் பாருங்கள். ‘இந்தியாவில் பயன்படுத்தவில்லை’ என்று அதில் எழுதிவிட்டு, வியாபாரம் படுத்துவிட்டது என்று நீதிமன்றத்தில் அழுதால் எடுபடாது.

கடைசியாக, விண்ணப்பத்தை எழுதியவர் அல்லாத வேறொரு காப்புரிமை முகவரிடம் கொடுத்து, இதை ரத்துசெய்ய வேண்டுமானால் எந்தப் பழைய ஆவணத்தைக் காட்டுவீர்கள் என்று தேடச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு, வழக்கின் மொத்தச் செலவோடு பார்த்தால் சொற்பம். ஒன்றை நினைவில் வையுங்கள்: காப்புரிமை முகவர் காப்புரிமை அலுவலகத்தில் ஆஜராகலாம், நீதிமன்றத்தில் வாதாட வழக்கறிஞர் வேண்டும். இருவரும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

படி 2: மீறலை அங்கம் அங்கமாகக் காட்டுங்கள்

நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, காப்புரிமையின் எல்லையை எழுதியிருப்பது அதன் கடைசியில் வரும் உரிமைக் கோரல்களில்தான். வக்கீல்கள் ‘கிளைம்’ என்பார்கள். படங்கள், முன்னுரை, உங்கள் மனத்தில் இருந்த எண்ணம், எதுவும் எல்லை ஆகாது. முதல் கோரலில் ஆறு அங்கங்கள் இருந்தால் எதிராளியின் பொருளில் ஆறும் இருக்க வேண்டும். ஐந்து இருந்து ஒன்று இல்லையென்றால் வழக்கு ஆட்டம் காணும்.

‘கொஞ்சம் மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாமா’ என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. பிலிம் சுருளைப் பார்க்கும் குழந்தைகள் பொம்மை பற்றிய ராஜ் பிரகாஷ் வழக்கில், சாரம் ஒன்றுதான் என்றால் முக்கியமில்லாத சில்லறை மாற்றங்கள் மீறலிலிருந்து காப்பாற்றாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1970களிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் எது சாரம், எது சில்லறை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் கோரலின் ஒவ்வொரு அங்கம், வலப்பக்கம் எதிராளியின் பொருளில் அது இருக்கும் இடம், புகைப்படத்தோடு. பொருளைக் கடையில் பில்லோடு வாங்குங்கள். ஒன்று பிரிப்பதற்கு, ஒன்று சீல் பிரிக்காமல் நீதிமன்றத்தில் காட்ட. பிரிக்கும்போது துறை சார்ந்த பொறியாளர் ஒருவர் கூட இருந்து அறிக்கை தரட்டும், அந்த வேலையை வீடியோவும் எடுங்கள். மின்னணு ஆவணங்களுக்கு 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழுக்குப் பதில் வந்தது இது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டையும், அதில் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனால் குறுக்கு விசாரணையில் அது கிழியும்.

பொருளுக்கு இல்லாமல் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் சிரமம். எதிராளியின் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? பிரிவு 104ஏ இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. அந்த முறையால் கிடைக்கும் பொருள் புதியதாக இருந்தாலோ, அல்லது அதே முறையில்தான் செய்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டி, நியாயமான முயற்சி எடுத்தும் உண்மையான முறையை அறிய முடியவில்லை என்றாலோ, தான் வேறு முறையில் செய்வதாக நிரூபிக்கும் பொறுப்பைப் பிரதிவாதி மேல் வைக்க நீதிமன்றத்தால் முடியும். அதற்கும் முதலில் இரண்டு பொருளும் ஒன்றே என்று நீங்கள் காட்ட வேண்டும்.

படி 3: நோட்டீஸை நிதானமாக எழுதுங்கள்

கோபத்தில் எழுதும் வக்கீல் நோட்டீஸ் திரும்பி வந்து அடிக்கும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக மிரட்டப்பட்டவரே வழக்குப் போடலாம் என்கிறது பிரிவு 106. மிரட்டல் நியாயமற்றது என்று அறிவிக்கவும், அதைத் தடுக்கவும், நஷ்ட ஈடு வாங்கவும் அதில் வழி உண்டு. நோட்டீஸ் மட்டுமல்ல, விநியோகஸ்தர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கையும் பத்திரிகைப் பேட்டியும்கூட மிரட்டலாகலாம். 2007இல் டிவிஎஸ் நிறுவனம் பஜாஜுக்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது இந்தப் பிரிவின் கீழ்தான் (அந்தக் கதை படி 5இல்).

காப்புரிமை ஒன்று இருக்கிறது என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே சந்தேகம் இருக்கும்போது முதல் கடிதத்தில் காப்புரிமை எண்ணையும் அது நடப்பில் இருப்பதையும் சொல்லி, உங்கள் பொருளின் அமைப்பை விளக்குங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை. ஆனால் மீறல் பட்டவர்த்தனமாக இருந்து, உடனடித் தடை வேண்டுமென்றால், நோட்டீஸே இல்லாமல் நேரே வழக்குக்குப் போவதும் உண்டு. எச்சரித்துவிட்டால் சரக்கும் கணக்கும் மறைந்துபோகும்.

காவல் நிலையத்துக்குப் போவதில் பயனில்லை. டிரேட்மார்க், பதிப்புரிமை மீறலுக்குக் குற்றவியல் நடவடிக்கை உண்டு. காப்புரிமை மீறல் முழுக்க சிவில் விவகாரம். இறக்குமதிச் சரக்கைச் சுங்கத் துறையில் பதிவுசெய்து தடுக்கும் வசதியிலிருந்தும் 2018இல் காப்புரிமையை நீக்கிவிட்டார்கள்.

படி 4: எந்த நீதிமன்றம்?

மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே காப்புரிமை வழக்கைப் போட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் போட்டால், பிரதிவாதி காப்புரிமையை ரத்துசெய்யச் சொல்லி எதிர்க்கோரிக்கை வைத்த நிமிடமே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். பிரிவு 104 அப்படி. கொஞ்சம் விவரமான பிரதிவாதி எல்லோரும் எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். அதனால் சென்னையோடு தொடர்பு காட்ட முடிந்து, வழக்கின் மதிப்பும் ஒத்துவந்தால், புது வழக்குகளை நேரடியாக ஏற்கும் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவிலேயே தொடங்குவது ஒரு வருட அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. டிரேட்மார்க் வழக்கை வாதி தன் ஊரிலேயே போடலாம் என்று தனிச் சலுகை இருக்கிறது. காப்புரிமைக்கு அது கிடையாது. பிரதிவாதி இருக்கும் இடத்திலோ, மீறல் நடந்த இடத்திலோதான் போட வேண்டும். எதிராளி ராஜ்கோட்டில் தயாரித்தாலும் அதைச் சென்னையில் விற்கிறார் என்று காட்டினால் இங்கே போடலாம். படி 2இல் பொருளை எந்த ஊரில், யாரிடம், என்ன பில்லில் வாங்கினீர்கள் என்பது இப்போது வேலை செய்யும். இணையத்தில் விளம்பரம் தெரிகிறது என்பது மட்டும் போதாது.

காப்புரிமை ரத்து மனுக்களை விசாரித்து வந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 2021இல் அதைக் கலைத்தபின் அந்த வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. டெல்லி அதே ஆண்டு அறிவுசார் சொத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. சென்னையும் 2023இல் தொடங்கிவிட்டது. துறை தெரிந்த நீதிபதி முன்னால் வழக்கு வருவது காப்புரிமையாளருக்கும் நல்லது, பிரதிவாதிக்கும் நல்லது.

வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12ஏ இன்னொரு வாசல். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால், முதலில் சமரச முயற்சிக்குப் போக வேண்டும். கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. காப்புரிமை மீறல் நாள்தோறும் தொடர்ந்து நடக்கும்போது, வாதி சில மாதம் தாமதித்தார் என்பதற்காக அவசரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று 2025 அக்டோபரில் நோவென்கோ என்ற தொழிற்சாலை மின்விசிறி நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் விளக்கியது. பிராதுவில் (வழக்கு மனுவில்) அவசரத்தைக் காட்டும் உண்மைகளைத் தேதியோடு எழுதுங்கள். வெறுமனே ‘அவசரம்’ என்று எழுதினால் பிராதுவே திரும்பும் அபாயம் உண்டு.

படி 5: இடைக்காலத் தடை. உண்மையான போர் இங்கேதான்

காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. அது கைக்கு வரவே சில ஆண்டு ஆகியிருக்கும். முழு விசாரணை முடிய இன்னும் பல ஆண்டு. இதனால்தான் இடைக்காலத் தடை கிடைத்தால் வாதி பாதி ஜெயித்ததாகவும், கிடைக்காவிட்டால் பிரதிவாதி முக்கால் ஜெயித்ததாகவும் ஆகிறது.

நீதிமன்றம் மூன்று கேள்வி கேட்கும். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் வலு இருக்கிறதா? தடை கொடுத்தால் யாருக்கு அதிகச் சிரமம்? கொடுக்காவிட்டால் பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா? காப்புரிமை வழக்கில் முதல் கேள்விக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கிறது. பிரதிவாதி காப்புரிமையை ரத்துசெய்தே காட்ட வேண்டியதில்லை. அது செல்லுமா என்பதில் நம்பத்தகுந்த ஒரு சந்தேகத்தை எழுப்பினாலே தடை நழுவிவிடும். புதிதாகக் கிடைத்த காப்புரிமைக்கு, குறிப்பாக ஆறு ஆண்டு ஆகாததற்கு, எளிதில் தடை தருவதில்லை என்றொரு பழைய வழக்கமும் இருந்தது. 1965இல் கலப்பை பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை அதற்குக் காட்டுவார்கள். இன்றைய நீதிமன்றங்கள் அந்த ஆறு ஆண்டுக் கணக்கை அப்படியே பிடித்துத் தொங்குவதில்லை.

பஜாஜ் - டிவிஎஸ் வழக்கை விரிவாகப் பார்த்தால் இந்தப் போர் எப்படி நடக்கும் என்பது விளங்கும். சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தொழில்நுட்பத்துக்கு பஜாஜ் 2002இல் விண்ணப்பித்து 2005இல் காப்புரிமை பெற்றது. 2007இல் டிவிஎஸ் 125 சிசி ஃப்ளேம் பைக்கை அறிமுகப்படுத்தியது. இரண்டு பக்கமும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜ் கேட்ட தடையைக் கொடுத்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. தங்களுடையது மூன்று வால்வு கொண்ட வேறு அமைப்பு என்பது டிவிஎஸ் வாதம். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, டிவிஎஸ் விற்கலாம், ஆனால் துல்லியமான கணக்கு வைக்க வேண்டும், அதைக் கவனிக்க நீதிமன்றத்தின் ஆளாக ஒரு ரிசீவர் போடப்படுவார், பிரதான வழக்கை நவம்பர் 30க்குள் முடிக்க வேண்டும் என்றது. அறிவுசார் சொத்து வழக்குகள் இடைக்காலத் தடையைச் சுற்றியே வருடக்கணக்கில் நடக்கின்றன, அவற்றை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடியுங்கள் என்றும் கண்டித்தது.

நவம்பரில் முடியவில்லை. 2019இல் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன.

மருந்து வழக்குகளில் விலையும் தராசில் ஏறும். எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரைக்கு ரோஷ் நிறுவனம் சிப்லா மீது 2008இல் டெல்லியில் வழக்குப் போட்டபோது ரோஷின் மாத்திரை 4,800 ரூபாய், சிப்லாவினுடையது 1,600 ரூபாய். பொதுநலனையும் கணக்கில் எடுத்து நீதிமன்றம் தடையை மறுத்தது. 2012இல் காப்புரிமை செல்லும், ஆனால் மீறல் இல்லை என்று தீர்ப்பு. 2015 நவம்பரில் மேல்முறையீட்டில் மீறல் உண்டு என்று மாறியது. அதற்குள் காப்புரிமை முடிய நான்கு மாதம்தான் பாக்கி. தடை வேண்டாம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது அமர்வு.

எதிர்த் திசையிலும் உதாரணம் இருக்கிறது. சிட்டாக்ளிப்டின் என்ற சர்க்கரை நோய் மருந்துக்காக மெர்க் நிறுவனம் கிளென்மார்க் மீது 2013இல் போட்ட வழக்கில் முதலில் தடை மறுக்கப்பட்டு, 2015 மார்ச்சில் மேல்முறையீட்டில் கிடைத்தது. காப்புரிமை இருப்பது தெரிந்தும் முன்கூட்டியே அதை எதிர்க்காமல் சந்தையில் இறங்கினார் பிரதிவாதி என்பதும் அங்கே பார்க்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் விரைவுபடுத்தச் சொன்னதால் 2015 அக்டோபரிலேயே இறுதித் தீர்ப்பும் வந்தது. ஆக வேகம் சாத்தியம்தான். இரு தரப்பு வக்கீல்களும் நீதிமன்றமும் மனம் வைக்க வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. தடை மனுவிலேயே மாற்று நிவாரணத்தையும் கேளுங்கள்: தடை தராவிட்டால் மாதாந்திர விற்பனைக் கணக்கு, நீதிமன்றத்தில் வைப்புத்தொகை, விசாரணைக்கு நாள் குறித்த அட்டவணை. பெரும்பாலும் கிடைப்பது இதுதான். எதிராளியின் ஆலையில் உள்ள சரக்கையும் அச்சுகளையும் பதிவுசெய்ய அட்வகேட் கமிஷனர் ஒருவரை, அதாவது நீதிமன்றம் நேரில் பார்த்துவர அனுப்பும் வக்கீலை, நியமிக்கக் கேளுங்கள். அவர் எடுக்கும் பட்டியல் பின்னால் நஷ்ட ஈட்டுக் கணக்குக்கு அடிப்படையாகும். உங்கள் பொருள் சந்தையில் ஓடுகிறது என்பதை விற்பனைக் கணக்கோடு காட்டுங்கள். காப்புரிமையை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்தவர் விற்பதை நிறுத்தக் கேட்பவருக்கு நீதிபதியிடம் அனுதாபம் பிறக்காது. தடை வாங்கி, பின்னால் வழக்கில் தோற்றால், அந்தத் தடையால் எதிராளிக்கு ஆன இழப்பை நீங்கள் ஈடுகட்ட நேரலாம். தொழில் செய்பவர்கள் பலர் இதை வக்கீலிடம் கேட்பதே இல்லை.

படி 6: எதிர்க்கோரிக்கை வரும், தயாராக இருங்கள்

பிரதிவாதிக்கு உங்கள் காப்புரிமையைத் தாக்க மூன்று வாசல். காப்புரிமை வழங்கியது வெளியான ஒரு வருடத்துக்குள் என்றால் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு. எப்போது வேண்டுமானாலும் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. உங்கள் வழக்கிலேயே எதிர்க்கோரிக்கை. இவற்றை ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் போட்டு இழுத்தடிப்பது முன்பு நடந்தது. காற்றாலை நிறுவனமான எனர்கானின் நிறுவனர் அலாய்ஸ் வோபென் போட்ட வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. ஒரே ஆள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

எதிர்க்கோரிக்கையில் காட்டும் பழைய ஆவணம் உண்மையிலேயே உங்கள் முதல் கோரலை அடிக்கிறது என்றால் வீம்பு பிடிக்காதீர்கள். பிரிவு 58இன் கீழ் கோரலைக் குறுக்கித் திருத்த உயர் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். விரிக்க முடியாது, குறுக்க முடியும். குறுக்கிய எல்லைக்குள்ளும் எதிராளியின் பொருள் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: சாட்சி, நிபுணர், ரகசியம்

சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் பிரதிவாதி பதிலுரை தாக்கல் செய்யாவிட்டால் வணிக வழக்குகளில் அந்த உரிமையே போய்விடும். இதைச் சரியாகக் கவனித்து வாருங்கள். உங்களுக்கும் அதே கண்டிப்பு உண்டு. கையில் உள்ள ஆவணங்களைப் பிராதுவோடே கொடுத்துவிட வேண்டும், பிறகு சேர்ப்பது கடினம்.

நிபுணர் சாட்சி விஷயத்தில் பலர் பெரிய பட்டத்தைத் தேடுகிறார்கள். பட்டறை வேலை தெரிந்த, நிதானமாகப் பேசும் பேராசிரியர் ஒருவர் போதும். அவர் உங்கள் சம்பளக்காரராகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது, குறுக்கு விசாரணையில் ‘தெரியாது’ என்று சொல்லக் கூச்சப்படாதவராக இருக்க வேண்டும். நீதிமன்றமே பிரிவு 115இன் கீழ் அறிவியல் ஆலோசகரை அமர்த்திக்கொள்ளலாம். டெல்லியில் இரு தரப்பு நிபுணர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடும் முறையும் விதிகளில் இருக்கிறது.

உங்கள் தொழில் ரகசியம் எதிராளிக்குப் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. குறிப்பிட்ட வக்கீல்களும் நிபுணர்களும் மட்டும் ஆவணத்தைப் பார்க்கும் ரகசியக் குழு அமைக்கச் சொல்லி மனுப்போடுங்கள்.

படி 8: பணம்

வென்றால் பிரிவு 108இன்படி தடையோடு, நஷ்ட ஈடு அல்லது எதிராளியின் லாபக் கணக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் கிடையாது. உங்கள் விற்பனை எவ்வளவு சரிந்தது என்று காட்ட முடிந்தால் முதலாவது, எதிராளி கொழுத்த லாபம் பார்த்து அவர் கணக்கு சுத்தமாக இருந்தால் இரண்டாவது. நம் ஊரில் இரண்டாவது நிபந்தனை எத்தனை பேரிடம் நிறைவேறும் என்று நீங்களே யோசியுங்கள்.

காப்புரிமை இருப்பது தெரியாது, தெரியக் காரணமும் இல்லை என்று பிரதிவாதி நிரூபித்தால் நஷ்ட ஈடும் கிடைக்காது, லாபக் கணக்கும் கிடைக்காது. பொருளில் ‘பேட்டண்ட் பெற்றது’ என்று அச்சிட்டால் மட்டும் போதாது, எண்ணையும் போட வேண்டும் என்கிறது பிரிவு 111. ஒரு ஸ்டிக்கர் வேலை, ஆனால் கோடி ரூபாய் வித்தியாசம். விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்தே உரிமை தொடங்கும், வழக்கு மட்டும் காப்புரிமை கிடைத்த பிறகுதான். பழைய மீறலுக்கு மூன்று ஆண்டுக் கால வரம்பு உண்டு.

பெரிய தொகை வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. கைபேசித் தொழில்நுட்பக் காப்புரிமைகளுக்காக எரிக்சனுக்கு லாவா நிறுவனம் சுமார் 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் தொடங்கிய சண்டை அது. எரிக்சன் காட்டிய எட்டுக் காப்புரிமைகளில் ஒன்று அந்த வழக்கிலேயே ரத்தாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படி 9: எப்போது பேசி முடிப்பது

என் கணிப்பில் இரண்டு தருணங்கள். ஒன்று, இடைக்கால மனுவில் உத்தரவு வந்த வாரம். அன்று இரு தரப்புக்கும் தங்கள் பலம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, குறுக்கு விசாரணை தொடங்கும் முன். அதன் பிறகு செலவழித்த பணத்துக்காகவே சண்டை போடத் தொடங்கிவிடுவார்கள்.

சமரசத்தில் உரிமத் தொகையை ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வையுங்கள். லாபத்தில் பங்கு என்று வைத்தால் ஆண்டுதோறும் கணக்குத் தகராறு வரும். கையிருப்புச் சரக்கை விற்றுத் தீர்க்க எத்தனை மாதம், அச்சுகளை என்ன செய்வது, ரத்து மனுவைத் திரும்பப் பெறுவது யார் பொறுப்பு, எதிராளியின் டீலர்களுக்கும் இது பொருந்துமா என்பதையெல்லாம் எழுதுங்கள். உரிம ஒப்பந்தத்தைக் காப்புரிமைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பேசி முடித்ததைத் தனி ஒப்பந்தமாக மட்டும் வைத்துக்கொண்டு வழக்கைத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 23, விதி 3இன்படி அதை நீதிமன்றத்தில் பதிவுசெய்து சமரசத் தீர்ப்பாணையாக வாங்குங்கள். நாளைக்கு எதிராளி பேச்சு மாறினால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், அதே தீர்ப்பாணையை வைத்து நிறைவேற்று மனு போட்டால் போதும்.